தெரு மாறினால் ஆயுள் மாறுமா?

"உங்கள் ஆயுளைத் தீர்மானிப்பது மரபணு இல்லை, முகவரிதான்." இந்த வாக்கியத்தை நீங்களும் எங்காவது படித்திருப்பீர்கள். படித்தவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம், "ஆமாம், ஏழைப் பகுதியில் பிறந்தால் அவ்வளவுதான், விதி" என்று முடித்துக்கொள்கிறார்கள். இன்னொரு பக்கம், "இடம் என்ன செய்யும், அங்கே இருக்கிறவர்களின் பழக்கவழக்கம் சரியில்லை, அதனால் நோய் வருகிறது" என்கிறார்கள். எனக்கு இரண்டுமே பொறுக்கவில்லை. முதல் பேச்சு, சரிசெய்யக்கூடிய ஒன்றை விதியாக்கிவிடுகிறது. இரண்டாவது பேச்சு, நோயில் விழுந்தவர் தலையிலேயே பழியையும் ஏற்றுகிறது. உண்மையில் என்ன நடக்கிறது என்பதை மருத்துவமோ புள்ளியியலோ படிக்காதவருக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சொல். மக்கள் குழுக்களுக்கு இடையே நோயிலும் ஆயுளிலும் தொடர்ந்து தென்படுகிற, தவிர்த்திருக்கக்கூடிய வேறுபாட்டை உடல்நல ஏற்றத்தாழ்வு என்கிறோம். "தவிர்த்திருக்கக்கூடிய" என்பதைக் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள். எண்பது வயதுக்காரருக்கு இருபது வயதுக்காரரைவிட மூட்டுவலி அதிகம் என்றால் அது இயற்கை. ஒரே வயது, ஒரே நகரம், ஆனால் ஆற்றுக்கு இந்தக் கரையில் இருப்பவருக்கு மட்டும் பத்து வருடம் முன்னதாகவே மாரடைப்பு வருகிறது என்றால், அதுதான் ஏற்றத்தாழ்வு.

## 54 ஒரு பக்கம், 82 ஒரு பக்கம்

உடல்நலத்தைச் சமூகக் காரணங்கள் எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராய உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆணையம் அமைத்தது. அதன் அறிக்கை 2008ல் வந்தது. அதில் இருந்த ஒரு கணக்கு உலகம் முழுக்கப் பரவிவிட்டது: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கால்டன் என்ற பகுதியில் ஆண்களின் சராசரி ஆயுட்காலம் 54 ஆண்டு, சில மைல் தள்ளி இருக்கும் லென்சியில் 82 ஆண்டு. நடுவில் 28 ஆண்டு!

இதைக் கேட்டதும் பலரும் "கால்டனில் எல்லாரும் 54 வயதில் இறந்துவிடுகிறார்கள்" என்று நினைக்கிறார்கள். குழப்பம் இங்கேயே ஆரம்பிக்கிறது. சராசரி ஆயுட்காலம் என்பது, ஓர் இடத்தில் இன்று ஒவ்வொரு வயதிலும் மரணங்கள் என்ன வேகத்தில் நடக்கின்றனவோ அதே வேகம் மாறாமல் தொடர்ந்தால், இன்று பிறக்கும் குழந்தை சராசரியாக எத்தனை ஆண்டு வாழும் என்ற கணக்கு. தனி ஒருவருக்குச் சொல்லும் ஜோசியம் அல்ல. மூன்று பேர் இருக்கிறார்கள், இரண்டு பேர் 80 வயதில் இறக்கிறார்கள், ஒருவர் 20 வயதில் இறக்கிறார் என்று வையுங்கள். சராசரி 60. ஆனால் 60 வயதில் யாருமே இறக்கவில்லை. இளம் வயது மரணங்கள் சராசரியை அவ்வளவு வேகமாகக் கீழே இழுக்கும். அதனால் ஓர் இடத்தின் ஆயுட்காலம் மிகக் குறைவாக இருந்தால், அங்கே முதியவர்கள் கொஞ்சம் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பதைவிட, இளையவர்களும் நடுவயதினரும் நிறைய இறக்கிறார்கள் என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கால்டன் பகுதியில் வீடற்ற ஆண்களுக்கான விடுதிகள் இருந்தன. வேறெங்கோ வாழ்க்கை உடைந்து, போதையிலும் நோயிலும் சிக்கி, கடைசியில் அங்கே வந்து சேர்ந்தவர்களின் மரணமும் கால்டன் கணக்கில்தான் விழும். அப்படியென்றால் அந்த 54 என்ற எண் கால்டன் என்ற இடத்தைப் பற்றிச் சொல்கிறதா, அல்லது அங்கே வந்து சேர்ந்த மனிதர்களைப் பற்றிச் சொல்கிறதா? இந்தக் கேள்வியைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் இந்தத் துறையில் பாதி புரிந்த மாதிரி.

## பள்ளியா, மாணவர்களா?

இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எல்லாரும் நல்ல மதிப்பெண், மற்றொன்றில் பாதிப் பேர் தோல்வி. முதல் பள்ளி நல்ல பள்ளி என்று சொல்லிவிடலாமா? உடனே ஒருவர் கேட்பார்: "அவர்கள் சேர்க்கும்போதே நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைத்தானே பொறுக்கிச் சேர்க்கிறார்கள்?" நியாயமான கேள்வி. மதிப்பெண் வித்தியாசத்தில் ஒரு பகுதி, வந்து சேர்ந்த பிள்ளைகளால் வந்தது. இன்னொரு பகுதி, அந்தப் பள்ளி அவர்களுக்கு என்ன செய்தது என்பதால் வந்தது.

இடமும் உடல்நலமும் இதே கதைதான். ஓர் இடத்தில் வாழ்பவர்களின் வயது, வருமானம், வேலை, படிப்பு ஆகியவற்றால் வருகிற வேறுபாட்டைக் கலவை விளைவு என்று சொல்லலாம், அதாவது யார் யார் கலந்து அங்கே இருக்கிறார்கள் என்பதன் விளைவு. அதே மனிதரை வேறு இடத்தில் வைத்திருந்தால் அவர் உடல்நலம் எவ்வளவு மாறியிருக்குமோ, அது சூழல் விளைவு. முகவரிதான் எல்லாம் என்பவர்கள் முழு வித்தியாசத்தையும் சூழல் கணக்கில் எழுதுகிறார்கள். பழக்கம்தான் எல்லாம் என்பவர்கள் முழுவதையும் கலவை கணக்கில் எழுதுகிறார்கள்.

"சரி, மொத்தத்தில் இடத்துக்கு எத்தனை சதவீதம், மரபணுவுக்கு எத்தனை சதவீதம்?" என்று கேட்கத் தோன்றும். அப்படிச் சதவீதம் பிரித்து வைத்திருக்கும் வட்டப் படங்களும் நிறையக் கிடைக்கின்றன. அவற்றை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். மத்தளச் சத்தத்தில் கைக்கு எத்தனை சதவீதம், தோலுக்கு எத்தனை சதவீதம்? இரண்டும் மோதும்போதுதான் சத்தமே வருகிறது. மூச்சுக்குழாய் சுருங்கும் தன்மையோடு பிறந்த ஒரு குழந்தை ஈரமில்லாத வீட்டில் வளர்ந்தால் அந்தத் தன்மை வெளியே தெரியாமலே போகலாம், பூஞ்சை பிடித்த வீட்டில் வளர்ந்தால் அதே தன்மை ஆஸ்துமாவாகலாம். இதில் எதை எதிலிருந்து கழிப்பது?

இதுவரை சொன்னது: ஒரு பகுதியின் ஆயுட்கால எண்ணில் அங்கே வாழும் மனிதர்களின் கதையும் இருக்கிறது, இடத்தின் கதையும் இருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

## இருநூறு வருடப் பழைய சண்டை

இந்தக் கேள்வி புதிதில்லை. 1820களில் பாரிஸில் லூயி ரெனே வில்லர்மே என்ற மருத்துவர் அந்நகரின் 12 வட்டாரங்களின் இறப்புக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் நோய் என்றால் ஆற்றங்கரை ஈரம், காற்று வீசும் திசை, மண், நெரிசல் என்று எல்லாரும் இடத்தைத்தான் சொல்வார்கள். அவர் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. ஒன்றே ஒன்று பொருந்தியது: எந்த வட்டாரத்தில் ஏழைகள் அதிகமோ, அங்கே இறப்பும் அதிகம். எந்த வீடுகளுக்கு வரி கட்ட வேண்டியதில்லை என்ற அரசுக் கணக்கை வைத்து அவர் ஏழ்மையை அளந்தார், அந்தக் காலத்துக்கு அது பெரிய யோசனை.

அடுத்து இங்கிலாந்து, 1842. எட்வின் சாட்விக் என்ற சுகாதாரச் சீர்திருத்தவாதி ஓர் அறிக்கை வெளியிடுகிறார். அதில் ஊர் வாரியாக, தொழில் வாரியாக, இறந்தவர்களின் சராசரி வயதைப் போட்டிருக்கிறார். லிவர்பூலில் மேல்தட்டு மக்களுக்கு 35, கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கு 15. மான்செஸ்டரில் 38க்கு 17. ரட்லண்ட் என்ற கிராமப்புற மாவட்டத்தில் 52க்கு 38. அதே அட்டவணையை இன்னொரு தடவை பாருங்கள். ரட்லண்டின் கூலித் தொழிலாளிக்கு 38, மான்செஸ்டரின் கனவானுக்கும் 38! பணம் எவ்வளவு இருந்தாலும் அந்த நகரத்தின் காற்றும் தண்ணீரும் அவரையும் விடவில்லை.

ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். இறந்தவர்களின் சராசரி வயது வேறு, நான் மேலே விளக்கிய சராசரி ஆயுட்காலம் வேறு. குழந்தைகள் அதிகம் இருக்கும், வேகமாக வளரும் நகரத்தில் இறந்தவர்களின் சராசரி வயது இயல்பாகவே குறைவாக வரும். அதனால் அந்த எண்களை அப்படியே ஆயுளாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் ஒவ்வொரு ஊருக்குள்ளும் ஏழைக்கு ஓர் ஆயுள், பணக்காரருக்கு ஓர் ஆயுள் என்பதும், ஊர் மாறினால் இரண்டுமே மாறுகின்றன என்பதும் அந்த அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. வில்லர்மே கண்டதும் அதில் இருக்கிறது, இடத்தின் பங்கும் இருக்கிறது. சாட்விக் நோய்க்குக் காரணம் துர்நாற்றம் என்று நம்பினார், அது தவறு. ஆனால் அந்தத் தவறான நம்பிக்கையோடு அவர் கேட்ட சாக்கடையும் சுத்தமான குடிநீரும் சரியான மருந்துதான்.

## எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, குலுக்கல் போட்டுப் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுப்பார்கள். குலுக்கல் என்பதால் இரண்டு குழுவும் மற்ற எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், கடைசியில் தெரியும் வித்தியாசம் மருந்தால் வந்தது என்று சொல்லிவிடலாம். இடத்துக்கும் இப்படிக் குலுக்கல் போட முடியுமா? மனிதர்களைப் பிடித்து மோசமான இடத்தில் குடியமர்த்த யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஏற்கெனவே மோசமான இடத்தில் இருப்பவர்களுக்கு வெளியேற ஒரு வாய்ப்பைக் குலுக்கலில் கொடுக்கலாமே?

அமெரிக்க அரசு 1994ல் அதைத்தான் செய்தது. பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில், மிக ஏழ்மையான பகுதிகளின் அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த குடும்பங்கள். விருப்பப்பட்டு விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் போட்டு, ஒரு குழுவுக்கு வாடகை உதவிச் சீட்டு கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்று: ஏழ்மை விகிதம் 10 சதவீதத்துக்குக் குறைவாக உள்ள பகுதியில் வீடு எடுத்தால்தான் அது செல்லும். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அந்தக் குடும்பங்களின் பெண்களை அளந்து பார்த்தார்கள். சீட்டு கிடைத்த குழுவில், கிடைக்காத குழுவைவிட, மிகக் கடுமையான உடல் பருமனும் சர்க்கரை நோயும் ஒவ்வொன்றும் 100க்கு ஏறத்தாழ 4 பேர் அளவுக்குக் குறைவு. சின்ன எண் மாதிரி இருக்கிறதா? சீட்டு கிடைத்தவர்களில் சுமார் பாதிப் பேர்தான் உண்மையிலேயே இடம் மாறினார்கள், மாறாதவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. இன்னும் முக்கியமாக, அந்தப் பெரியவர்களின் வருமானம் உயரவில்லை. பணம் கூடாமலே சர்க்கரை நோய் குறைந்திருக்கிறது. இதை முதல் தடவை படித்தபோது நான் நிறுத்தித் திரும்பப் படித்தேன்.

இன்னொரு சான்று ஸ்வீடனிலிருந்து. 1987 முதல் 1991 வரை அங்கே அடைக்கலம் தேடி வந்தவர்களை எந்த ஊரில் குடியமர்த்துவது என்று அரசே முடிவு செய்தது, அந்த நேரத்தில் எங்கே வீடு காலியோ அங்கே. வந்தவருக்குத் தேர்வு பெரிதாக இல்லை. யாரும் ஆராய்ச்சிக்காகச் செய்யவில்லை, ஆனால் விளைவு குலுக்கல் போட்ட மாதிரிதான். இப்படித் தற்செயலாக அமைந்துவிடும் ஒப்பீட்டை இயற்கைப் பரிசோதனை என்பார்கள். பிற்பாடு சுமார் 61,000 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, வசதி மிகுந்த பகுதியில் குடியமர்த்தப்பட்டவர்களில் 5.8 சதவீதம் பேருக்கும், நலிந்த பகுதியில் குடியமர்த்தப்பட்டவர்களில் 7.9 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்திருந்தது. அந்த வித்தியாசம் வருடங்கள் போகப் போகக் கூடிக்கொண்டே போனது.

சுருக்கமாக: அதே மனிதரை இடம் மாற்றினால் உடல்நலம் மாறுகிறது, எனவே சூழல் விளைவு நிஜம். அது எல்லாவற்றையும் விழுங்கும் அளவுக்குப் பெரிதில்லை, ஒதுக்கிவிடும் அளவுக்குச் சிறிதும் இல்லை. நாளாக நாளாகத்தான் அது வேலை செய்கிறது.

## இடம் எப்படி உடலுக்குள் நுழைகிறது?

செருப்புக்குள் ஒரு சின்னக் கல் மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். நாலு அடி நடந்தால் ஒன்றும் ஆகாது. பத்தாயிரம் அடி நடந்தால் புண். இடம் உடலைத் தாக்குவதும் பெரும்பாலும் இப்படித்தான். நலிந்த பகுதிக்கு ஒரு நாள் போய்விட்டு வந்தால் எதுவும் நேராது, அங்கேயே இருபது வருடம் மூச்சு விட்டு, தூங்கி, நடந்து பார்க்க வேண்டும். "நானும் அங்கே இருந்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பவர்களுக்கும் பதில் இதில் இருக்கிறது.

காற்றிலிருந்து தொடங்கலாம். வாகனப் புகையிலும் எரிபொருள் புகையிலும் நுண்துகள்கள் இருக்கின்றன. 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான அகலம், நம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கு இவற்றைப் பிடிக்காது. நுரையீரலின் அடி ஆழம் வரை போகும், மிகச் சிறியவை ரத்தத்திலும் கலக்கும். அங்கே ரத்தக்குழாய்களின் உட்சுவரில் அழற்சியை உண்டாக்கும். புகை என்றாலே இருமல் என்று நினைக்கிறோம், ஆனால் அது எடுக்கும் உயிர்களில் மாரடைப்பும் பக்கவாதமும் பெரும்பங்கு. பெரிய சாலையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளிப் போனால் வாகனப் புகையின் அடர்த்தி வெகுவாகக் குறைந்துவிடும். ஒரே நகரம்தான், ஆனால் எல்லாரும் ஒரே காற்றைச் சுவாசிக்கவில்லை.

அடுத்து வீடு. ஈரச் சுவர், பூஞ்சை, வெளிச்சமில்லாத அறை, ஓர் அறையில் ஆறு பேர். காசநோய்க் கிருமி காற்றில்தான் பரவுகிறது, காற்றோட்டம் இல்லாத நெரிசலான அறை அதற்கு வசதி. பழைய வீடுகளின் உதிரும் பெயின்ட்டிலும் பழைய குழாய்களிலும் ஈயம் இருக்கலாம். அது குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய எல்லை எதுவும் ஈயத்துக்கு இல்லை. 2014ல் அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரில் குடிநீரை வேறொரு ஆற்றிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்கள். அந்தத் தண்ணீர் குழாயை அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. பூமிக்கடியில் பல காலமாகக் கிடந்த குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. அங்கே வாழ்ந்த தாய் தன் குழந்தைக்குத் தண்ணீர்தான் கொடுத்தாள். இதில் எந்தப் பழக்கவழக்கத்தைக் குறை சொல்வது?

சத்தத்தைப் பலர் தொல்லை என்ற அளவில் விட்டுவிடுகிறார்கள். இரவில் லாரி போகும்போது நீங்கள் விழிக்காவிட்டாலும் உடல் அதைக் கேட்கிறது, இதயத் துடிப்பு ஏறுகிறது. மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் கூடும். ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடலைத் தயார்ப்படுத்துவது அதன் வேலை. கொஞ்ச நேரம் சுரந்து அடங்கினால் நல்லது. இரவெல்லாம் சத்தம், பகலெல்லாம் பயம், வாடகைக் கவலை, பாதுகாப்பில்லாத தெரு என்று அது அடங்கவே வழியில்லாமல் போனால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும், நோய் எதிர்ப்புச் சக்தி குழம்பும். மனதில் இருக்கும் பயம் ரத்தக்குழாய் வரை போகிறது என்பது வெறும் பேச்சுக்காகச் சொல்வதில்லை.

வெப்பத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1995 ஜூலையில் சிகாகோவில் வெயில் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டது, அந்த ஒரு வாரத்தில் வழக்கத்தைவிட 700க்கும் அதிகமானோர் கூடுதலாக இறந்தார்கள். எரிக் கிளினன்பர்க் என்ற சமூகவியலாளர் பிறகு அங்கே அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார், வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல். வெயில் ஒன்றுதான். இரண்டிலும் தனியாக வாழும் ஏழை முதியவர்கள் ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் வடக்கில் இறப்பு விகிதம் தெற்கைப் போல் பத்து மடங்கு. வடக்கில் தொழிற்சாலைகள் மூடி, கடைகள் மூடி, வீடுகள் பாழடைந்து, தெருவில் இறங்கவே முதியவர்கள் பயந்தார்கள். கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். தெற்கில் தெரு முழுக்கக் கடையும் ஆள் நடமாட்டமும். வெளியே போய்க் குளிர்ந்த கடையில் கொஞ்ச நேரம் நிற்கலாம், இரண்டு நாள் ஆளைக் காணோம் என்றால் யாராவது கதவைத் தட்டுவார்கள். அந்த இரண்டு பகுதிகளில் வாழ்ந்த மக்களின் இனமும் பின்னணியும் வேறு வேறு, எனவே இது குலுக்கல் பரிசோதனை அளவுக்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் இடம் என்றால் கல்லும் மண்ணும் காற்றும் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டுவார்களா என்பதும் இடத்தில் சேர்த்தி என்று காட்டியது இந்த ஒப்பீடு.

மருத்துவ வசதியும் இடத்தைப் பொறுத்துத்தான். வேல்ஸ் நாட்டில் சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் மருத்துவராக இருந்த ஜூலியன் டூடர் ஹார்ட் 1971ல் ஒன்றைச் சொன்னார்: நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கே குறைவாகவும், எங்கே குறைவாகத் தேவையோ அங்கே அதிகமாகவும் கிடைக்கிறது. இதைத் தலைகீழ்ப் பராமரிப்பு விதி என்கிறார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் இந்த விதி பழையதாகிப் போகவில்லை.

உணவுக் கடை பற்றியும் ஒரு வார்த்தை. காய்கறியும் பழமும் கிடைக்காத பகுதிகளை உணவுப் பாலைவனம் என்று சொல்லி, அங்கே ஒரு பெரிய கடை திறந்துவிட்டால் எல்லாரும் சத்தாகச் சாப்பிடுவார்கள் என்று பலர் நம்பினார்கள். அமெரிக்காவில் ஆராய்ந்து பார்த்ததில், பக்கத்தில் புதுக் கடை வந்தபின் மக்கள் கூடையில் பெரிய மாற்றமில்லை. பழைய கடைக்குப் பதில் புதுக் கடையில் அதையே வாங்கினார்கள். வருமானமும் நேரமும் பழக்கமும் அங்கே பெரிதாக நிற்கின்றன. இடத்தின் வழிகளில் சில வலுவானவை, சில பலவீனமானவை, எல்லாவற்றுக்கும் இடத்தையே காரணம் சொன்னால் வலுவானவற்றின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

திரும்பப் பார்த்தால்: காற்று, தண்ணீர், சுவர், சத்தம், வெப்பம், பயம், அக்கம்பக்கம், மருத்துவம். ஒவ்வொன்றும் சிறியது, தினமும் நடப்பது, வருடக்கணக்கில் சேர்வது. பெரும்பாலும் இவை ஒரே இடத்தில் கூட்டமாக இருப்பதுதான் கொடுமை.

## ஏன் அதே இடங்களில்?

மோசமான காற்றும் ஏழைகளும் ஏன் ஒரே இடத்தில் சேர்கிறார்கள்? இங்கிலாந்தின் 70 நகரங்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நின்ற தொழிற்சாலைப் புகைபோக்கிகளை ஆராய்ச்சியாளர்கள் வரைபடத்தில் குறித்துப் பார்த்தார்கள். அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும், எனவே கரிப்புகை கிழக்குப் பக்கம் போகும். வசதி உள்ளவர்கள் மேற்கே நகர்ந்தார்கள். கிழக்கே வாடகை குறைந்தது, வேறு வழியில்லாதவர்கள் அங்கே வந்தார்கள். பிறகு கரிப்புகை போய்விட்டது, வானம் தெளிந்துவிட்டது. ஏழ்மை மட்டும் அந்தக் கிழக்குப் பக்கங்களிலேயே தங்கிவிட்டது! கலவை விளைவு, சூழல் விளைவு என்று நாம் பிரித்துவைத்த இரண்டும் இங்கே ஒன்றையொன்று உண்டாக்குவதைக் கவனியுங்கள். இடம் மோசமானதால் ஏழைகள் வந்தார்கள், ஏழைகள் வந்ததால் அந்த இடத்தில் யாரும் செலவு செய்யவில்லை, அதனால் இடம் இன்னும் மோசமானது.

காற்று மட்டும் இதைச் செய்யவில்லை. 1930களில் அமெரிக்காவில் ஓர் அரசு அமைப்பு 200க்கும் மேற்பட்ட நகரங்களின் பகுதிகளுக்கு நிறம் பூசி வரைபடம் போட்டது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு, கடன் கொடுக்க ஆபத்தான பகுதி என்று அர்த்தம். 2020ல் வெளியான ஆய்வு ஒன்று 108 நகரங்களை எடுத்து, அந்தப் பழைய சிவப்புப் பகுதிகளின் தரை வெப்பம் மற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் அதிகம் என்று கண்டது. மரம் குறைவு, கான்கிரீட்டும் தாரும் அதிகம். சுமார் 90 வருடத்துக்கு முன் காகிதத்தில் பூசிய நிறம் இன்று வெப்பமானியில் தெரிகிறது.

## அப்படியானால் எல்லாரும் இடம் மாற வேண்டியதுதானா?

மாற முடிந்தவர்கள் மாறுவார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் ஒரு நகரத்தையே தூக்கி வேறு இடத்தில் வைக்க முடியாது. காலியாகும் வீட்டுக்கு இன்னொரு குடும்பம் வரும். மேலே சொன்ன ஐந்து நகர முயற்சியிலும் எல்லாருக்கும் நன்மை கிடைக்கவில்லை. இடம் மாறிய குடும்பங்களில் பெண்பிள்ளைகளின் மனநலம் மேம்பட்டது, பையன்களுக்கோ மனச்சோர்வு போன்ற சில பிரச்சினைகள் கூடின. நண்பர்களையும் தெரிந்த தெருவையும் விட்டுப் போவதற்கும் ஒரு விலை இருக்கிறது.

அதனால் நான் அதிகம் நம்புவது, மனிதர்கள் இருக்கிற இடத்திலேயே இடத்தைச் சரிசெய்வதைத்தான். நியூசிலாந்தில் குளிரும் ஈரமுமான 1,350 வீடுகளை எடுத்து, சிலவற்றுக்கு முதலில், மற்றவற்றுக்கு ஒரு வருடம் கழித்து என்று குலுக்கல் முறையில் கூரைக்கும் தரைக்கும் குளிர் தடுப்பு போட்டார்கள். வீட்டுக்குள் வெப்பம் கூடியது வெறும் அரை டிகிரி, ஈரம் கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுக்கே மூச்சிரைப்பு குறைந்தது, குழந்தைகள் பள்ளிக்குப் போகாத நாட்கள் குறைந்தன.

பிலடெல்பியாவில் குப்பையும் புதருமாகக் கிடந்த 541 காலி மனைகளை மூன்று பங்காகப் பிரித்தார்கள், இதுவும் குலுக்கல்தான். ஒரு பங்கில் குப்பையை அள்ளி, தரையைச் சமன் செய்து, புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, யாரும் உள்ளே போய் வரும்படி தாழ்வான மரவேலி போட்டு, தொடர்ந்து பராமரித்தார்கள். இரண்டாவது பங்கில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மூன்றாவதை அப்படியே விட்டார்கள். 2018ல் முடிவு வந்தது. பசுமையாக்கிய மனைகளின் அருகே வாழ்ந்தவர்களில் மனச்சோர்வாக உணர்வதாகச் சொன்னவர்கள், எதுவும் செய்யாத மனைகளின் அருகே வாழ்ந்தவர்களோடு ஒப்பிடும்போது 41.5 சதவீதம் குறைந்தார்கள். குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் அப்படிப்பட்ட மாற்றம் தெரியவில்லை. இதற்காக அந்தத் தெருக்களில் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை, யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை, யாரையும் வீடு மாற்றவில்லை. பக்கத்து மனையில் புல் முளைத்திருந்தது.